வாய்க்குள் அடங்கினால் இரைதான்!

கேள்வி: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகல உயரமுள்ள தொட்டியில் 15 செ.மீ. சில்வர் அரோவானாவும் 10 செ.மீ. ரெட் டெயில் கேட்ஃபிஷும் வளர்க்கிறேன். அரோவானா உயிருள்ள கோல்டு ஃபிஷ் தவிர எதையும் தொடுவதில்லை. பெல்லட் எனும் உருண்டைத் தீவனத்துக்குப் பழக்க முடியுமா?

பதில்: முடியும், பழக்கியே ஆகவேண்டும். கோல்டு ஃபிஷ் உடலில் தயாமினேஸ் என்றொரு நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் நிலைகொள்ளாமல் சுழலும், வலிப்பு கண்டதுபோலத் துடிக்கும். உறையவைத்துப் போட்டாலும் நொதி அழியாது. போதாக்குறைக்கு வெள்ளைப்புள்ளி நோயும் இரையோடு வந்து சேரும்.

மூன்று நாள் பட்டினி போடுங்கள். நான்காம் நாள் தோலும் முள்ளும் நீக்கிய ஜிலேபி மீன் சதையை மெல்லிய கீற்றாக நறுக்கி, இடுக்கியில் பிடித்து நீர்மட்டத்திலேயே அசையுங்கள். அரோவானாவின் வாய் மேல்நோக்கித் திறப்பது; அடியில் கிடப்பதைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. சதையைக் கவ்வத் தொடங்கியதும் கீற்றுக்குள் ஒரு பெல்லட்டைச் செருகுங்கள். நாளாக நாளாகச் சதையைக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் மனமிரங்கி ஒரு கோல்டு ஃபிஷ் போட்டீர்களோ, மறுபடி முதலிலிருந்துதான்! தின்னாத துண்டைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறும். மாட்டு இதயம் வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனின் கல்லீரலில் படியும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது அந்தக் கேட்ஃபிஷ் பற்றி. அது ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். அதற்கு முன்பே ஏதோ ஓர் இரவில் அரோவானாவை விழுங்கப் பார்க்கும். இப்போதே கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். உங்கள் தொட்டி கொள்வது சுமார் 190 லிட்டர். வளர்ந்த அரோவானாவுக்கே 8 அடி நீளம், 3 அடி அகலம் தேவை. உயரத்தைவிட, உடலை வளைத்துத் திரும்ப அகலம்தான் முக்கியம். இரண்டரை அடி உயரத்துக்கு நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 1,700 கிலோ! தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டபிறகு வாங்குங்கள்.

கேள்வி: விராலைத் தொட்டியில் விட்டு, துள்ளிவிடும் என்று விளிம்புவரை நீர் நிரப்பி இறுக மூடினேன். தெளிந்த நீரிலேயே செத்துக் கிடந்தது. ஏன்?

பதில்: மூச்சு முட்டித்தான். செவுள் மட்டும் விராலுக்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாகவேண்டும். நீருக்கும் மூடிக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். கண்ணாடிக்குப் பதில் கம்பிவலை மூடி போட்டு, நான்கு மூலையிலும் கிளிப்பால் இறுக்குங்கள். குழாய் நுழையும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள், தலை நுழைந்தால் அதன் வழியாகவே வெளியேறிவிடும்.