வீடு வாங்கும் முன் நிலத்தை விசாரியுங்கள்: கேள்வி பதில்

கேள்வி: போன வருடம் வெள்ளம் புகுந்த பகுதியில் வீட்டு விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இப்போது வாங்கிப் போடலாமா?

பதில்: வெள்ளம் வந்ததும் விலை இறங்கும். சில வருடம் தண்ணீர் வராவிட்டால் பழையபடி ஏறிவிடும். பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் தரைமட்டம் ஒரு அங்குலம்கூட உயர்ந்திருக்காது. எனவே விலையை விடுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விற்பவரைவிட எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் தயங்காமல் சொல்வார். அப்புறம் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா? அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் ஓதமும் வெள்ளை உப்பும் தெரிகிறதா? கீழே உள்ள பிளக் பாயின்ட்டின் திருகுகள் துருப்பிடித்து, மேலே உள்ள ஸ்விட்ச் போர்டின் திருகுகள் பளிச்சென்று இருந்தால், தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அது ‘நூறாண்டு வெள்ளம்’ என்றார்கள். ஒருமுறை வந்துவிட்டதால் இனி நம் காலத்தில் வராது, இல்லையா?

பதில்: அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் அர்த்தம். போன வருடம் வந்ததால் இந்த வருட வாய்ப்பு குறையாது. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்துச் சொன்னது. ஏரியைத் தூர்த்து, வாய்க்காலை மறித்துக் கட்டிய இடங்களில் அந்தக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: நான் பார்த்திருப்பது நான்காவது மாடி. எனக்கென்ன பயம்?

பதில்: மீட்டர் பெட்டி, தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் கீழேதானே இருக்கின்றன? அவை மூழ்கினால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். நிலநடுக்கம் வரக்கூடிய பகுதி என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: கீழ்த்தளம் சுவரே இல்லாமல் வெறும் தூண்கள் நிற்கும் பார்க்கிங்கா? 2001 குஜராத் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் பல இந்த வகைதான். தூண்களின் வடிவமைப்பைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீடு நன்றாகத்தானே நிற்கிறது, மண் பரிசோதனை எதற்கு?

பதில்: மண் அடுத்த மனையிலேயே மாறலாம். 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரில் பழைய ஏரிப்படுகையின் மேல் இருந்த கட்டடங்கள்தான் அதிகம் நொறுங்கின. கெட்டியான தரையில் இருந்தவற்றுக்குச் சேதம் குறைவு. பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: மலைச்சரிவில் வீடு?

பதில்: மேல்பக்க நிலத்தில் புது வெடிப்பு, அடிமரம் வளைந்த மரங்கள், திடீரென்று இறுகிப்போன கதவுகள் என்று ஒன்றுக்கு மேல் கண்டால் வேண்டாம். தாங்கு சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஆபத்தை முன்கூட்டியே காட்டும் ஒரே அறிகுறி எது?

பதில்: காப்பீடு. வீட்டு விலை அசையும் முன்பே காப்பீட்டு நிறுவனங்கள் விலகத் தொடங்கலாம். 2023-ல் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கலிபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீடுகளை நிறுத்தியது. பேரிடர் அபாயம் வேகமாகக் கூடுவது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அதனால் முன்பணம் கொடுக்கும் முன் அந்த முகவரிக்குக் காப்பீட்டுக் கட்டணம் கேட்டுப் பாருங்கள். வெள்ளமும் நிலச்சரிவும் அதில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.