லோவர் ஆர்மில் வெல்டிங் வைக்க வேண்டாம்

தலவாக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. வார நாட்களில் தோட்ட ரோட்டில் ஓடும். ஏப்ரலில் நுவரெலியா மலையேற்றப் பந்தயத்துக்குக் கொண்டு போவேன். ஒரு வருஷத்துக்குள் இடது பக்க லோவர் ஆர்ம் மூன்று தடவை போய்விட்டது. கடைசியாகப் பயிற்சி ஓட்டத்தில் பால் ஜொயின்ட் கழன்று சில்லு சாய்ந்தது. ஆர்மில் தகடு வைத்து வெல்ட் பண்ணினால் இனிப் போகாது என்கிறார் கராஜ் பாஸ். 'ரேஸுக்கென்றே ரீகண்டிஷன் பண்ணியது' என்று இன்னொருவர் ஒரு சோடி தரப் பார்க்கிறார். எதை எடுக்கலாம்?"

இரண்டும் வேண்டாம், தம்பி.

லோவர் ஆர்ம் என்பது சில்லைக் காரின் அடியோடு பிணைக்கும் கை. அதன் நுனியில், சில்லு திரும்பவும் மேலும் கீழும் போகவும் விடுகிற மூட்டுத்தான் பால் ஜொயின்ட். உங்கள் காரில் இரண்டும் ஒரே உருப்படி. ஒன்று போனால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். ஜொயின்டுக்குள் இரும்புக் குண்டு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கிறீஸோடு உட்கார்ந்திருக்கிறது. ஆர்ம் மெல்லிய தகடு என்பதால், பக்கத்தில் வெல்ட் பிடித்தாலே சூடு அங்கே ஓடிவிடும். கிண்ணம் இளகும், கிறீஸ் கருகும், ரப்பர் உறை வெந்து வெடிக்கும். வெளியே பார்த்தால் யானைக்கால் மாதிரி பலமாகத் தெரியும். உள்ளே குண்டு அன்றைக்கே ஆடத் தொடங்கியிருக்கும்.

ஒரே பக்கம் மூன்று தடவை போயிருக்கிறதென்றால் குற்றம் ஆர்மில் மட்டும் இல்லை. மாருதி 800இல் ஆர்மைக் காரின் பொடியோடு பிடித்திருப்பது ஒரே ஒரு ரப்பர் புஷ்தான். தனியே விட்டால் கதவு மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அதை ஆடாமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார். வளைவில் கார் சாயாமல் இருக்க மட்டும்தான் அந்தக் கம்பி என்று நினைத்து, பந்தயத்துக்காகக் கழற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் காரில் அதைக் கழற்றவே கூடாது. பிரேக் மிதிக்கும்போது சில்லைப் பின்னுக்கு இழுக்கும் பாரத்தை வாங்குவது அந்தக் கம்பி. அதன் நுனியில் இருக்கிற ரப்பர் நைந்துவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆர்ம் அசையும். கம்பி நுழையும் துளை நீள்வட்டமாகும், விளிம்பில் வெடிப்பு விழும், பால் ஜொயின்டின் தண்டு பக்கவாட்டில் நெம்பப்படும். புது ஆர்ம் வாங்கிப் பழைய ரப்பரையே திரும்பப் போட்டால் நாலாவது ஆர்மும் போகும். இடது பக்கம் முந்துவதற்கும் காரணம் உண்டு: தோட்ட ரோட்டில் கானோரக் குழியில் விழுவது எப்போதும் இடது சில்லுதான்.

இப்போது செய்ய வேண்டியது. ஜெக்கை பொடியின் ஜெக் பொயின்டில் வைத்து ஸ்டாண்ட் கொடுங்கள். ஆர்முக்கு அடியில் ஜெக் வைத்தால் ஆட்டம் மறைந்துபோகும். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பெயாரிங், நிற்காவிட்டால் பால் ஜொயின்ட். ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சில்லைத் தாங்கும் துண்டுக்கும்) நடுவே நெம்புகோல் கொடுத்து நெம்பும்போது கண்ணுக்குத் தெரிகிற அசைவு இருந்தால் ஆர்மைக் கழற்றுங்கள்.

கழற்றியதும் கம்பித் துளையைச் சுற்றியும் புஷ் குழாயைச் சுற்றியும் வயர் பிரஷால் பெயின்டை எடுங்கள். மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக் தூளைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் மயிரிழைபோல ஈரக்கோடு ஊறி வரும். வந்தால் அந்த ஆர்ம் பழைய இரும்புக்குத்தான்.

பாஸ் சொல்வதில் ஒரு இடத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. பாவிக்காத புது ஆர்மில், ஜொயின்டிலிருந்து விலகி, நடுப்பகுதியில் மட்டும் 2 மில்லிமீற்றர் தகடு வைக்கலாம். அதற்கும் மிக் வெல்டிங்தான். 20 மில்லிமீற்றருக்கு மேல் ஒரே இழுவையாகப் பிடிக்கக்கூடாது. ஒரு துண்டு பிடித்து, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, அடுத்த துண்டு. ஜொயின்டின் மேல் ஈரச் சாக்கு சுற்றியிருக்க வேண்டும், புஷ்ஷை முதலிலேயே பிரெஸ்ஸில் கழற்றியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கக்கூடாது. இவ்வளவையும் பொறுமையாகச் செய்கிற பாஸ் இல்லையென்றால் தகட்டை மறந்துவிடுங்கள்.

அந்த 'ரேஸ் ரீகண்டிஷன்' சோடி என்னவென்று சொல்கிறேன். தேய்ந்த ஜொயின்டை லேத்தில் திறந்து, உள்ளே ஏதாவது பிளாஸ்டிக் நிரப்பி, மூடியை நாலு புள்ளி வெல்டில் ஒட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து வந்தது என்று புதுப் பெட்டியில் கொடுப்பார்கள். மூடியின் விளிம்பைப் பாருங்கள். கம்பெனி மூடி சுற்றிலும் சீராக மடித்து அழுத்தப்பட்டிருக்கும். வெல்ட் புள்ளியோ அரம் போட்ட தடமோ தெரிந்தால் கையில் எடுக்காதீர்கள். "பழசைக் கொண்டா, விலையில் கழிக்கிறேன்" என்று கேட்பார்கள். உங்கள் பழசுதான் அடுத்த ஆளுக்குப் போகிற 'புதுசு'. கொடுக்காமல் கட்டரால் இரண்டாக வெட்டிவிடுங்கள்.

இவர்களுக்கு வியாபாரம் ஓடுவதற்கு வழி செய்தது யார்? அரசாங்கம்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 வரைக்கும் கார்களை வரவிடவில்லை. இருக்கிற கிழட்டு வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியதாயிற்று. வருஷா வருஷம் லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சீட்டுக் கேட்கிறார்கள். தனியார் காரின் பால் ஜொயின்டை எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பந்தயத்துக்கு முந்திய பரிசோதனையிலாவது காரைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். தடத்தை விட்டு ஒரு கார் விலகினால் என்ன ஆகும் என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைக் கார்ப் பந்தயத்தில் ஏழு உயிர்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டோம். இன்னும் எதற்குக் காத்திருக்கிறார்கள்?

உங்கள் வேலைக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் புது ஆர்ம், கம்பி நுனி ரப்பர்கள், பொடியில் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் ரப்பர்கள், நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னும் புதிது. ஜொயின்டின் தண்டை நக்கிளில் இறுக்கும் பொல்ட்டும் புதிதாக, அதே நீளத்தில் வேண்டும். தண்டின் பள்ளத்தில் பொல்ட்டின் மரை இல்லாத பகுதிதான் உட்கார வேண்டும். ஹார்ட்வெயார் கடையின் முழு மரை பொல்ட் அந்தத் தண்டை அரம்போல அறுக்கும். காரை இறக்குவதற்காக ஸ்பிரிங்கை வெட்டியிருந்தால் பழைய உயரத்துக்கே கொண்டு வாருங்கள். வெட்டிய ஸ்பிரிங்கில் தண்டு எந்நேரமும் தன் கோணத்தின் எல்லையிலேயே நிற்கும், குழியில் விழுந்தால் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும்.

புஷ் பொல்ட்டை, சில்லு தொங்கும்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். காரை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, பாரம் சில்லில் இருக்கும்போது முழுதாக முறுக்குங்கள். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் திருகியபடியே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் அடுத்த ஓட்டத்துக்குப் போக வேண்டாம்.