பனிக்காலப் போர் கேம்: எதை வாங்கலாம்?

கேள்வி: செஸ் ஆடிப் பழகியவன் நான். ஜெர்மானியரும் ரஷ்யரும் பனிக்காலத்தில் மோதிய போரை டர்ன் முறையில் (செஸ் போல மாறி மாறி நகர்த்தி) ஆடும் கம்ப்யூட்டர் கேம் ஒன்று வாங்க ஆசை. லேப்டாப் பழையது, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ‘வார் இன் தி ஈஸ்ட் 2’ வாங்கச் சொல்கிறார் நண்பர். விலை யோசிக்க வைக்கிறது. ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ போதுமா? பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ முதல் பாகத்தையே வாங்குங்கள். 2011-ல் வந்த கேம். பழைய லேப்டாப்புக்குப் பாரமில்லை. 1942-43 ஸ்டாலின்கிராட் போர்தான் அதன் களம். இரு தரப்பிலும் நின்று ஆடலாம்.

பெயரைக் கவனித்து வாங்குங்கள். இரண்டாம் பாகத்தின் அடிப்படை கேம் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் பக்கம் நடப்பது. ரஷ்யப் போர்முனை வேண்டுமென்றால் தனியே காசு கொடுத்து டிஎல்சி (கேமோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) வாங்க வேண்டும். இது தெரியாமல் வாங்கினால் உங்களுக்கு வேண்டிய பனி கிடைக்காது.

சில கேம்களில் பனிக்காலம் என்றால் வரைபடத்துக்கு வெள்ளை பூசுவதோடு சரி. நிஜத்தில் நடந்தது வேறு. 1941 டிசம்பரில் ஜெர்மன் ரயில் இன்ஜின்களின் வெளிக்குழாய்களில் தண்ணீர் உறைந்து, வண்டிகள் வழியிலேயே நின்றன. ரஷ்யத் தண்டவாளம் அகலமானது. ஜெர்மன் ரயில் ஓட அதையும் மாற்றிப் போட வேண்டியிருந்தது. மாஸ்கோ வாசலில் நின்ற படைக்குக் கம்பளி உடையும் குண்டும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. சப்ளை அறுந்தால் என்ன ஆகும் என்று காட்டாத கேம், இந்தப் போரைப் பற்றிய கேமே இல்லை என்பேன்.

‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ கேமின் உயிரே சப்ளைதான். வரலாற்றிலும் அப்படித்தான். 1942 நவம்பர் 19-ல் சோவியத் படை ஸ்டாலின்கிராட் நகரத்தை நேரே தாக்கவில்லை. பக்கவாட்டில் நின்ற ருமேனியப் படைகளை உடைத்து, இரு பக்கமிருந்தும் வளைத்து வந்த சோவியத் படைகள் நான்கே நாளில் கலாச் என்ற ஊர் அருகே சந்தித்தன. உள்ளே சிக்கிய ஜெர்மன் ஆறாம் படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் சப்ளை தேவை. விமானங்கள் கொண்டுவந்தது சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். சோவியத் பக்கம் ஆடும்போது நீங்களும் இப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கும். பலமான படையோடு மல்லுக்கு நிற்காமல் அதற்குப் பின்னால் போகும் ரயில் பாதையை மறித்துவிட்டால், அடுத்தடுத்த டர்ன்களில் அது தானாகத் தளர்ந்துவிடும். செஸ் ஆடியவருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

‘வார் இன் தி ஈஸ்ட் 2’ பிரமாதமான கேம், எனக்கும் பிடிக்கும். ஒரு டர்ன் என்பது போரில் ஒரு வாரம். ஓர் அறுகோணக் கட்டம் 10 மைல். நகர்த்த நூற்றுக்கணக்கான டிவிஷன்கள் (படைப்பிரிவுகள்). ஆட்டக் கையேடே தடிமனான புத்தகம். முதல் கேமாக அதை வாங்கினால், பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் ரீஃபண்ட் நேரம் போய்விடும்.

ரீஃபண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். கேமைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும். வேறு தளங்களில் பாதி விலைக்கு விற்கும் கீ (ஸ்டீமில் பதிந்து கேமைப் பெறும் குறியீடு) வாங்க வேண்டாம். வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் தராது. நான் ஒருமுறை அப்படி வாங்கிய கீ, ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது. விற்றவர் பதிலே போடவில்லை, பணம் போனது போனதுதான்.

கேள்வி: தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாமா? டிஎல்சி எல்லாம் சேர்ந்த தொகுப்பை வாங்குவது லாபமா?

பதில்: காத்திருங்கள். ஸ்டீமில் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். அங்கே விஷ்லிஸ்டில் (விருப்பப் பட்டியலில்) போட்டு வையுங்கள், விலை இறங்கினால் மின்னஞ்சல் வரும். தொகுப்பு இப்போது வேண்டாம். ‘ரெட் டர்ன்’ டிஎல்சி கூர்ஸ்க்கிலிருந்து பெர்லின் வரை போவது. அதில் ஆட வேண்டிய போர்கள் கடினமானவை. அடிப்படை கேமில் சோவியத் பக்கம் முழுவதையும் ஆடி முடித்தபின் அதை வாங்கிக்கொள்ளலாம்.