வீட்டு வினைகளில் சூடும் குளிர்ச்சியும்: கேள்வி-பதில்

கே: சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்கி வழிகிறது. ஆனால் பாத்திரம் சில்லென்று இருக்கிறதே, ஏன்?

ப: அது வெப்பம் கொள் வினை. பொங்க வைப்பது கரியமில வாயு; பொங்குவதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. நாலைந்து டிகிரி இறங்கும். சிட்ரிக் அமிலக் கரைசலில் போட்டால் இறக்கம் இன்னும் நன்றாகத் தெரியும்.

கே: சலவைத் தூளை ஈரக் கையில் எடுத்தால் கதகதப்பாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ப: வேண்டாம். தூளிலுள்ள உலர்ந்த சலவை சோடா நீரை ஏற்கும்போது வெப்பம் விடுகிறது. கையைக் கழுவினால் போதும்.

கே: வீட்டில் இருந்த இரண்டு பொடிகளைத் தண்ணீரில் கலந்தேன், சூடாகிவிட்டது. என்ன காரணம்?

ப: எந்தப் பொடிகள்? எவ்வளவு? பெயரும் எடையும் இல்லாத கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. லேபிளைப் படித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை அந்தக் கலவையை மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்தால் பாத்திரம் வெடிக்கும்.

கே: குழாய் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா கையில் பட்டால் வினிகர் தடவலாமா? காரத்தை அமிலம் முறிக்குமே.

ப: தடவவே தடவாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்த யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. பாடப்புத்தகத்தில் பாதியை மட்டும் படிப்பதன் விளைவு இது. முறிக்கும், சரி. முறிக்கும்போது வெளிவரும் வெப்பம் எங்கே போகும்? 40 கிராம் காஸ்டிக் சோடா வெறும் தண்ணீரில் கரைந்தாலே சுமார் 45 கிலோஜூல் வரும். அமிலம் அதை நடுநிலையாக்கும்போது இன்னொரு 55. ஏற்கெனவே அரிபட்ட தோலின் மேல் ஏன் அந்தச் சூட்டையும் ஏற்றுகிறீர்கள்? எவ்வளவு காரம் பட்டது, எவ்வளவு வினிகர் வேண்டும் என்று பதற்றத்தில் அளக்கவும் முடியாது. ஓடும் தண்ணீர் காரத்தையும் வெப்பத்தையும் ஒருசேர அடித்துக்கொண்டு போகும். பொடி ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, குழாயடியில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்குங்கள். கழுவிக்கொண்டிருக்கும்போதே மருத்துவ உதவியை அழைக்கச் சொல்லுங்கள்.

கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில் பொடியைத் தூவுங்கள். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை லிட்டரில் 100 கிராம் போட்டாலே 40, 50 டிகிரி ஏறிவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும்.

கே: சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கிறதே?

ப: ஒரு கிலோ சுண்ணாம்பு சுமார் 1,100 கிலோஜூல் தரும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைந்தபோது உள்வாங்கிய வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது. மிச்சம், பூசிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும்போது வெளியேறும். சுவர் சுடுவது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவு நிதானமாக நடக்கிறது. இங்கும் அதே எச்சரிக்கை: தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

கே: அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு முறியும்போதுதானே ஆற்றல் வெளிப்படுகிறது?

ப: இல்லை. முறிக்க ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிப்படும். செலவைவிட வரவு கூடினால் சூடு, குறைந்தால் குளிர்ச்சி.

கே: பாரிஸ் சாந்தில் குழந்தையின் கையை வைத்து அச்சு எடுக்கலாமா?

ப: கூடவே கூடாது. நீரை ஏற்று இறுகும்போது அது சூடேறும். கனமாக இருந்தால் 60 டிகிரியைக்கூடத் தொடும். சுடுகிறது என்று தெரியும்போது கையை உருவ முடியாதபடி இறுகியிருக்கும். ஆல்ஜினேட்டில் (தண்ணீரில் குழைத்தால் ரப்பர்போல் இறுகும் அச்சுப் பொடி) அச்சு எடுத்து, கையை வெளியே எடுத்த பிறகு அதில் சாந்தை ஊற்றுங்கள்.