சி.பி.டி. கற்க விரும்பும் நர்சிங் மாணவிக்கு

நர்சிங் முடித்ததும் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும், சி.பி.டி. கற்றுக்கொள்ள வேண்டும், அதற்காக மறுபடியும் உளவியல் பட்டம் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் செவிலியர்கள் கையில் எடுத்து அரை நூற்றாண்டு ஆகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1970களிலேயே ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர், இதன் ஒரு பகுதியான நடத்தைச் சிகிச்சையை முறையாகச் செய்ய நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதீத அச்சம், ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் விடாமல் வர, அதைத் தணிக்க ஒரே செயலைச் சடங்குபோலத் திரும்பத் திரும்பச் செய்யும் நோய்) போன்ற தொல்லைகளுக்கு அவர்களே முழு சிகிச்சையும் கொடுத்தார்கள். கவனியுங்கள், அது நீண்ட பயிற்சி, மேற்பார்வையோடு நடந்த பயிற்சி. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து செய்வது வேறு கதை.

மாணவியாக இருக்கும்போதே உங்களால் செய்யக்கூடியது, இந்த முறையின் அடிப்படையைத் தினசரி வார்டு வேலைக்குள் கொண்டுவருவது. அதற்கு முதலில் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: ஆறுதல் சொல்லும் அவசரம். நர்ஸ் என்றாலே ஆறுதல் சொல்பவர் என்று பழக்கியிருக்கிறார்கள் அல்லவா, சி.பி.டி.யில் பெரும்பாலானவர்கள் இடறுவது அங்கேதான்.

அடிப்படை இதுதான். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரு நிகழ்ச்சிக்கும் அதைத் தொடரும் உணர்ச்சிக்கும் நடுவே ஓர் எண்ணம் சட்டென்று வந்துபோகிறது. யோசித்து வருவதல்ல, தானாக எழுவது. வந்ததே பல சமயம் நோயாளிக்குத் தெரியாது, துக்கம் மட்டும் தெரியும். அந்த எண்ணத்தைப் பிடித்து, எழுதி, சோதித்துப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு பாதி. நடத்தையை மாற்றிப் பார்த்து, அதனால் மனநிலை எப்படி மாறுகிறது என்று அறிவது மறுபாதி.

வார்டில் இது எப்படி இருக்கும்? ஒரு அம்மா மகனுக்குப் போன் செய்கிறார், அவர் எடுக்கவில்லை. இது சூழ்நிலை. 'நான் அவனுக்குப் பாரம்' என்பது எண்ணம். வருத்தம், உணர்ச்சி; நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் 80 என்பார். நெஞ்சு கனப்பதும் கை கால் அசருவதும் உடல். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாப்பாடு வேண்டாம் என்பது செயல். ஐந்தையும் தனித்தனியாகத் தாளில் எழுதி, நடுவே அம்புக்குறி போட்டுப் பாருங்கள். சாப்பிடாததால் இன்னும் தளர்ச்சி. மாலையில் மகன் பார்க்க வந்தபோது அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார். 'பார்த்தியா, நிக்கக்கூட இல்ல' என்று அந்த எண்ணம் முன்னைவிட உறுதியானது. இந்த வட்டத்தை முழுசாகப் பார்க்கக் கிடைப்பது உங்களுக்குத்தான். வாரம் ஒரு மணி நேரம் பார்க்கும் சிகிச்சையாளருக்கு, சாப்பாட்டுத் தட்டு திரும்பிப் போனது தெரியாது.

இப்போது 'அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா, உங்க பையன் தங்கமானவர்' என்று சொல்லத் தோன்றும். சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். அவர் உங்கள் மனம் நோகக் கூடாதே என்று தலையாட்டுவார். அல்லது 'உனக்குத் தெரியாது சிஸ்டர்' என்று தன் கட்சிக்கு ஆதாரம் அடுக்குவார். அடுக்க அடுக்க நம்பிக்கை இறுகும். அதற்குப் பதில் கேளுங்கள்:

'போன் எடுக்கலைன்னதும் மனசுல முதல்ல என்னம்மா ஓடுச்சு?'
'பாரம்னு தோணுச்சு.'
'அதை எவ்வளவு நம்புறீங்க, நூத்துக்கு?'
'தொண்ணூறு.'
'அப்படி நினைக்க வைக்கிற விஷயம் என்னென்ன இருக்கு? அதோட ஒத்துப்போகாத விஷயம் ஏதாவது?'

பிறகு சும்மா இருங்கள். இந்த மௌனம் புதியவர்களுக்குத் தாங்காது, தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அவரே 'மூணு நாளா ராத்திரி வந்து படுத்துக்கிட்டான்' என்று சொன்னால்தான் அந்தப் பதிலுக்கு எடை. 90 என்றது 60 ஆனால் அன்றைக்கு அது போதும். பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது வாக்குவாதத்தில்தான் முடியும்.

இதையே எழுத்தில் செய்வது எண்ணப் பதிவேடு. பொதுவாக ஏழு கட்டம்: சூழ்நிலை, உணர்ச்சியும் அதன் அளவும், தானாக எழுந்த எண்ணம், அதற்கு ஆதரவான ஆதாரம், எதிரான ஆதாரம், சமநிலையான மாற்று எண்ணம், இப்போதைய உணர்ச்சி அளவு. முதல் வாரத்திலேயே ஏழையும் கொடுத்தால் தாள் வெறுமையாகத்தான் திரும்பி வரும். முதல் மூன்று மட்டும் கொடுங்கள். அடிக்கடி நேரும் பிழை, உணர்ச்சிக் கட்டத்தில் எண்ணத்தை எழுதுவது. 'அவர் என்னை மதிக்கலை' என்பது எண்ணம். கோபம், பயம், வெட்கம் என ஒரே சொல்லில் அடங்குவது உணர்ச்சி. இன்னொரு பிழை, அழுகையின் உச்சத்தில் இருப்பவரிடம் பேனாவைக் கொடுப்பது. கொஞ்சம் அடங்கிய பிறகு கொடுங்கள். மாற்று எண்ணம் என்பது 'எல்லாம் நல்லா நடக்கும்' அல்ல. 'அவன் வேலை நேரத்துல போன் எடுக்கறதில்ல, ராத்திரி வர்றான்' என்பது போல, நம்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால்? வீட்டில் அடி விழுகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் எண்ணத்தைச் சோதிப்பது அபத்தம், சில நேரம் கொடுமையும்கூட. அங்கே வேண்டியது பாதுகாப்பு, சமூகப் பணியாளர், ஒவ்வொரு படியாகப் பிரச்சினையைத் தீர்க்கும் திட்டம்.

என்னைக் கேட்டால், நீங்கள் தொடங்க வேண்டியது எண்ணத்தில் அல்ல, செயலில். மனச்சோர்வில் 'தெம்பு வரட்டும், அப்புறம் எழுந்திருக்கிறேன்' என்பார்கள். வேலை செய்த பிறகுதான் தெம்பு வரும் என்று தலைகீழாக்குவதே செயலூக்க முறை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும், மேற்பார்வையோடு செய்தால் ஆபத்தும் குறைவு. முதல் சில நாள், அவர் மணிக்கு மணி என்ன செய்தார் என்று மட்டும் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், 0 முதல் 10 வரை: எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு சாதித்த உணர்வு. முகம் கழுவியதற்குச் சந்தோஷம் 1, சாதனை 5 என்று வரலாம். அந்த 5தான் உங்களுக்குக் கிடைத்த பிடி. பிறகு ஒன்றிரண்டு வேலையை நேரம், இடம், அளவு சொல்லித் திட்டமிடுங்கள். 'நடங்க' என்பது திட்டம் ஆகாது. 'காலை டிபன் முடிஞ்சதும் வராந்தாவுல அஞ்சு நிமிஷம்' என்பது திட்டம். அவர் அரை மணி நடப்பேன் என்றால் பாதிக்கும் கீழே குறையுங்கள். இந்த முறை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெரிய ஹோம்வொர்க்தான், முடியாமல் போனதும் 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்பதற்கு இன்னொரு சாட்சி சேர்ந்துவிடும். செய்யவில்லை என்றால் கண்டிக்காமல், எந்த இடத்தில் தடைபட்டது என்று கேளுங்கள்.

பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையைப் பயிற்சி இல்லாமல் தனியாகத் தொடாதீர்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் நிறுத்தினால், 'தப்பிச்சேன்' என்ற பாடம்தான் பதியும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர் செய்ததை நீங்கள் அறியாமல் கெடுத்துவிடுவீர்கள். ஓ.சி.டி. உள்ளவர் கையை நீட்டி 'சுத்தமா இருக்கா சிஸ்டர்?' என்று கேட்கிறார். இரக்கப்பட்டு 'சுத்தமா இருக்கு' என்கிறீர்கள். சில நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி கேள்வி. உங்கள் பதிலே சடங்கின் ஒரு பகுதியாகிவிட்டது. எப்படிப் பதில் சொல்வது என்று சிகிச்சைக் குழுவும் நோயாளியும் முன்கூட்டியே பேசி முடிவெடுத்து, அதை டியூட்டி மாறும்போது எழுதி ஒப்படைக்க வேண்டும். காலை ஷிப்ட் உறுதியாக நின்று இரவு ஷிப்ட் விட்டுக்கொடுத்தால் பழக்கம் முன்னைவிடக் கெட்டிப்படும். தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள என்று எழுதிய பதற்ற மாத்திரையும் இப்படித்தான். எதிர்கொள்ளும் பயிற்சிக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டால், 'மாத்திரை காப்பாற்றியது' என்று மனம் கணக்கு எழுதும். இதைக் கவனித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நர்ஸ் என்ற முறையில் உங்களுக்குக் கூடுதலாக ஒரு கடமை: மனம் என்று முடிவுகட்டும் முன் உடலைப் பார்ப்பது. நெஞ்சுவலி, படபடப்பு என்றால் முதலில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு பார்த்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். பீதித் தாக்குதல் என்ற பெயர் அப்புறம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மதுவை நிறுத்திய நடுக்கமும் பதற்றமாகவோ சோர்வாகவோ வேடம் போடும். மனநோய் மருந்து தொடங்கிய சில நாளில் ஒருவர் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டே இருந்தால், அது மருந்தின் பக்கவிளைவான அகதீசியாவாக இருக்கலாம். அதற்கு எண்ணப் பதிவேடு கொடுப்பது வீண்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளை இப்போதே பழகுங்கள். ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண். 5, 10, 15, 20 என்று தீவிரம் ஏறும். மொத்தத்தைக் கூட்டும் முன் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள், அது சாகும் எண்ணம் பற்றியது. அங்கே பூஜ்யம் தவிர எது இருந்தாலும் நேராகக் கேளுங்கள்: எண்ணம் மட்டுமா, வழி யோசித்திருக்கிறாரா, எப்போது என்று. கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆபத்து தெரிந்தால் தனியே விடாமல் உடனே பொறுப்பு செவிலியருக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று எந்த நோயாளிக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதேபோல் கடும் மனப்பித்து, குழப்பநிலை, போதை இவற்றின் நடுவில் சி.பி.டி. எடுபடாது. முதலில் நிலைமை தணிய வேண்டும்.

மனநல வார்டு ஆபத்தான இடம் என்று உங்கள் பெற்றோர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்லி அவர்களைச் சமாளிக்காதீர்கள். வெளியேறும் வழியை உடல் மறைக்காமல் உட்காருவது, குரல் ஏறும்போதே கவனிப்பது, தனியாக நுழையாதது என எல்லாமே கற்றுத்தரப்படும் திறன்கள்தான் என்று சொல்லுங்கள். வேலை தேடும்போது அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று கேட்பது அவர்களுடைய கவலைக்கும் உங்களுடைய கவலைக்கும் பதில் தரும்.

படிப்பைப் பொறுத்தவரை வரிசை இது: நர்சிங் பதிவு, மனநலப் பிரிவில் அனுபவம், அதன் பிறகு சி.பி.டி. பயிற்சி. முழு சிகிச்சை என்பது மனச்சோர்வுக்குப் பொதுவாக 12 முதல் 20 அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. அதைத் தனியாக நடத்தவும் சிகிச்சையாளர் என்று பெயர் போட்டுக்கொள்ளவும் எந்தத் தகுதி வேண்டும் என்பது நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டின் செவிலியர் கவுன்சில் விதியைப் பொறுத்தது, அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்சியில் சேரும் முன் கேட்க வேண்டியவை சில. உண்மையான நோயாளிகளோடு மேற்பார்வையில் எத்தனை அமர்வு செய்யவைப்பார்கள்? நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்த அமர்வை யாராவது கேட்டு மதிப்பிடுவார்களா? அதற்கென்றே 11 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 66 என்ற அறிவாற்றல் சிகிச்சை மதிப்பீட்டு அளவுகோல் இருக்கிறது. 40 எடுத்தால் தேர்ச்சி என்பது பரவலான வழக்கம். இந்தக் கேள்விகளுக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.