ஜெபித்த பிறகும் யோசிப்பது அவிசுவாசமா?

கேள்வி: நெருங்கிய நண்பர் ஒருவர் தன் கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். நாளைக்குள் பதில் வேண்டுமாம். ஜெபித்தேன், மனதில் சமாதானம் இருக்கிறது. "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று வேதம் சொல்லும்போது, இதற்கு மேலும் கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாதா?

பதில்: ஆகாது. நீங்கள் சொல்லும் வசனம் இருக்கும் அதே நீதிமொழிகள் புத்தகம்தான், காரியத்தைக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்வது புத்தியீனம் என்கிறது (18:13). இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலர் கைப்பற்றிக்கொண்டிருந்த கானான் தேசத்தில் வாழ்ந்த கிபியோனியர், உயிர் தப்புவதற்காக, பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்திகளையும் காட்டி, வெகுதூரத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். இஸ்ரவேலர் விசாரிக்காமல் இல்லை. கேள்வி கேட்டார்கள், அப்பத்தை வாங்கியும் பார்த்தார்கள். ஆனால் பார்த்ததெல்லாம் வந்தவர்களே கொண்டுவந்த சாட்சி. கர்த்தரிடமும் கேட்கவில்லை. உடன்படிக்கை செய்து 3 நாள் கழித்துத்தான் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. ஆணையிட்டுவிட்டதால் பின்வாங்கவும் முடியவில்லை.

உங்கள் விஷயத்திலும் இதுதான் எனக்குக் கவலை. கடனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நண்பர் சொன்னது மட்டுமா? அவர் நல்லவராகவே இருக்கட்டும், கடன் பத்திரத்தை நீங்களே வாங்கி வாசியுங்கள். வேறு கடன்கள் உண்டா என்று கேளுங்கள். இதில் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள்.

மன சமாதானத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கஷ்டப்படும் நண்பருக்கு 'சரி' சொல்லத் தீர்மானித்ததுமே மனம் லேசாகிவிடும். அந்த நிம்மதியை தேவ சித்தம் என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, திரும்பக் கட்டிய நெகேமியா மாதக்கணக்கில் ஜெபித்தவர். அவரே எருசலேமுக்கு வந்து 3 நாள் இருந்து, இரவில் சிலரோடு மட்டும் போய் இடிந்த அலங்கத்தைப் பார்வையிட்ட பிறகுதான் வேலையைப் பற்றி வாய் திறந்தார் (நெகேமியா 2). ஜெபம் அவரை விசாரிக்க அனுப்பியது.

அப்புறம், கணக்கு. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னது (லூக்கா 14:28) தம்மைப் பின்பற்றும் சீஷத்துவத்தைப் பற்றித்தான். ஆனாலும் கணக்குப் பார்ப்பதை அவர் இயல்பான விவேகமாகவே எடுத்துக்கொள்கிறார். முழுக் கடனும் உங்கள் தலையில் விழுந்தால் குடும்பம் தாங்குமா? தாங்காது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்க உன்னிடம் இல்லாமல்போனால் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்களே என்று நீதிமொழிகள் 22:27 வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. முடிந்த தொகையைக் கையில் கொடுத்து உதவலாம்.

வாய்வார்த்தையாக ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருந்தால் நீதிமொழிகள் 6:1–5-ஐப் பாருங்கள். தாமதிக்காமல் நண்பரிடமே போய், தாழ்மையாகப் பேசி விடுவித்துக்கொள் என்பதே அதன் ஆலோசனை. நாளை வரை காத்திராமல் இன்றைக்கே அவரிடம் பேசிவிடுங்கள்.