தளம்பலை விற்று வாழ்தல்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வெள்ளவத்தையில் வசிக்கிறேன். சீமா என்ற முகாமைக் கணக்கியல் தகைமையை முடித்து, கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். கடந்த எட்டு மாதங்களாக, உண்மைப் பணம் இல்லாத மாதிரிக் கணக்கு ஒன்றில், அமெரிக்காவின் பெரிய கம்பனிகளின் பங்கு விலைகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 சுட்டி மீதான ஒப்ஷன்களை (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை) விற்று வருகிறேன். ஒரு மாதம்கூட நட்டம் வரவில்லை. இப்படித் தளம்பலை, அதாவது விலை ஏறி இறங்கும் அளவை, விற்பது காப்புறுதி நிறுவனம் நடத்துவதைப் போன்றது என்று படித்தேன். என் அனுபவமும் அதையே சொல்கிறது. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்க விரும்புகிறேன். அப்பா இதைச் சூதாட்டம் என்கிறார். கொழும்பில் இருந்துகொண்டு இத்துறையில் ஒருவர் வளர முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்பின் தம்பிக்கு,

அப்பாவின் சொல்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த எட்டு மாதக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் முறை மாதம் 150 டொலர் தருகிறது என்றும், சராசரியாக 24 மாதங்களுக்கு ஒருமுறை பெரிய அடி விழும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியான முறையில் எட்டு மாதங்கள் அடியே விழாமல் கடந்துபோவதற்கான நிகழ்தகவு 71 சதவீதம். 23 மாதங்களில் சேர்வது 3,450 டொலர். எஞ்சிய ஒரு மாதத்தில் போவது 2,500 டொலரா, 7,000 டொலரா என்பதைப் பொறுத்தே இது பிழைப்பாகுமா ஆகாதா என்பது முடிவாகும். அந்த ஒரு எண்தான் உங்களிடம் இல்லை. ஒரு கம்பனி, கடனாளர் எவரும் எட்டு மாதங்களாகத் தவணை தவறவில்லை என்று காட்டி திரும்பி வராமல் போகக்கூடிய கடனுக்கான ஐயக்கடன் ஏற்பாட்டைப் பூச்சியமாக்கினால் நீங்கள் கையெழுத்திடுவீர்களா?

காப்புறுதி என்ற ஒப்பீட்டில் உண்மை உண்டு. எஸ் அண்ட் பி 500 ஒப்ஷன்களின் விலைக்குள் பொதிந்திருக்கும், அதாவது சந்தை எதிர்பார்க்கும், தளம்பல், பிறகு உண்மையில் நிகழும் தளம்பலைவிட, நீண்டகாலச் சராசரியில் அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது. வீழ்ச்சிக்கு அஞ்சுபவர், குறித்த விலைக்கு விற்கும் உரிமையான புட் ஒப்ஷனுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். அந்த அச்சத்தைச் சுமப்பவர் அதற்கான கூலியைப் பெறுகிறார். ஆகவே அப்பா சொல்வதுபோல இது வெறும் சூதாட்டம் அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு எரிந்தால் காலியில் உள்ள வீடு எரிவதில்லை என்பதில்தான் காப்புறுதித் தொழிலே நிற்கிறது. நீங்கள் விற்ற ஒப்ஷன்கள் அனைத்தும் ஒரே சுட்டியின் மீதானவை; எல்லா வீடுகளும் ஒரே இரவில் எரியும். போதாததற்கு, காப்புறுதி நிறுவனம் தன் சுமையின் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்திடம் மீள்காப்புறுதி செய்திருக்கும். குறைந்தபட்ச மூலதனத்தை வைத்திருக்கும்படி அரசும் அதைக் கட்டாயப்படுத்தும். உங்களை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

2018 பெப்ரவரி 5 அன்று நடந்ததை இத்துறைக்கு வருபவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அன்று எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 4 சதவீதம் விழுந்தது. 1987 ஒக்டோபர் 19இல் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்ததோடு ஒப்பிட்டால் இது சிறிய வீழ்ச்சி. ஆனால் எதிர்பார்க்கப்படும் தளம்பலை அளக்கும் விக்ஸ் சுட்டி 17இலிருந்து 37க்குத் தாவியது. விக்ஸ் எதிர்கால ஒப்பந்தங்களுக்கு (பிந்திய ஒரு திகதிக்கான விக்ஸின் அளவுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களுக்கு) நேரெதிராக நகரும்படி அமைக்கப்பட்டிருந்த எக்ஸ்ஐவி என்ற முதலீட்டுப் பத்திரம் 2017இல் இரட்டிப்புக்கும் மேல் வளர்ந்திருந்தது. அதன் அமைப்பின்படி, ஒப்பந்தங்களின் விலை ஏறிய நாளில் மாலைக்குள் அதை நடத்துவோர் அவற்றை வாங்கியே ஆகவேண்டும். எவ்வளவு வாங்கவேண்டியிருக்கும் என்பதைச் சந்தையிலிருந்த மற்றவர்களும் கணக்கிட முடிந்தது. வாங்க வாங்க விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் வாங்க வேண்டியதாயிற்று. ஒரே மாலையில் 90 சதவீதத்துக்கு மேல் மதிப்பிழந்து, அந்த மாதத்திலேயே அது மூடப்பட்டது. மாதிரிக் கணக்கு இத்தகைய நாளை உங்களுக்குச் சரியாகக் காட்டாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி விரிவதையும், நட்டத்துக்கு ஈடாகத் தரகர் கேட்கும் பிணைத்தொகையை உயர்த்துவதையும் அதில் நீங்கள் உணரமாட்டீர்கள்.

விற்கும் புட் ஒவ்வொன்றுக்கும் கீழே, இன்னும் தாழ்ந்த விலையில் ஒரு புட் வாங்கி வையுங்கள். அதுதான் உங்கள் மீள்காப்புறுதி. வருமானம் கணிசமாகக் குறையும். குறைந்த பிறகு எஞ்சுவதையே இத்தொழிலின் வருமானமாகக் கொள்ளவேண்டும்.

அமெரிக்க உதாரணங்களை விடுங்கள். நம் கண்முன்னே நடந்ததைப் பாருங்கள். 2021இன் கடைசி மாதங்களில் வங்கிகளில் டொலர் 200 ரூபாவை ஒட்டி அசையாமல் நின்றது. அந்த மாதங்களின் நாணயமாற்று வீதத்தை வைத்துத் தளம்பலைக் கணக்கிட்டிருந்தால் விடை பூச்சியத்துக்கு அருகில் வந்திருக்கும். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. புறக்கோட்டை இறக்குமதியாளர்களுக்கு இது முற்றான வியப்பல்ல, ஏனெனில் உண்டியல்காரர்களின் விலை வங்கி விலையைவிட மேலே போய்விட்டிருந்தது. அமுக்கிவைக்கப்பட்ட தளம்பலை இல்லாத தளம்பலென்று விலை குறிப்பவரே இத்துறையில் முதலில் அழிபவர். இதை நேரில் கண்ட கொழும்பு இளைஞருக்கு, சிக்காகோவில் பாடநூலில் படித்தவருக்கு இல்லாத ஒரு கல்வி வாய்த்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இனித் தொழில். கொழும்பு பங்குச் சந்தையில் ஒப்ஷன் வியாபாரம் என்று சொல்லத்தக்கது கிடையாது. உலகின் பெரிய ஒப்ஷன் நிறுவனங்கள் சிக்காகோ, அம்ஸ்டர்டாம், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் இருக்கின்றன. அவை தேடுவது நிகழ்தகவிலும் மனக்கணக்கிலும் நிரலாக்கத்திலும் தேர்ந்தவர்களை. இங்கிருந்து அந்தப் பக்கம் போகப் பாதைகள் உண்டு. 2009இல் இலண்டன் பங்குச் சந்தை வாங்கிய மிலேனியம் ஐடி, சந்தைகளில் வாங்கும் விற்கும் கட்டளைகளை ஒன்றோடொன்று பொருத்தும் மென்பொருளை இந்தக் கொழும்புச் சுற்றாடலிலேயே எழுதிய நிறுவனம். வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளுக்கு ஆய்வு செய்துகொடுக்கும் அலுவலகங்களும் நகரில் உள்ளன. ஒரு வங்கியின் திறைசேரிப் பிரிவிலோ இடர் முகாமைத்துவப் பிரிவிலோ சேர்ந்தால், அடுத்தவர் பணத்தின் மீது எல்லை வைத்துப் பழகுவீர்கள். சீமாவும் கணக்காய்வும் அங்கே நேரடியாக உதவும். பைதன் என்ற நிரலாக்க மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். நிகழ்தகவையும் உயர்தர இணைந்த கணித மட்டத்துக்கு மேலே கொண்டுபோங்கள்.

வேலையை விடவேண்டாம். அமெரிக்கச் சந்தை நமக்கு மாலை 7 மணிக்கு, அங்கே குளிர்காலமானால் 8 மணிக்குத் திறக்கிறது. அலுவலகம் முடிந்து வந்தே கற்கலாம். உண்மைப் பணத்தை அனுப்ப நினைக்கும்போது, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் எது அனுமதிக்கப்படுகிறது என்பதை உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தன் கணக்கின் ஊடாகச் செய்து தருவதாகச் சொல்லும் நண்பரிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். அதுவரை, ஒவ்வொரு வியாபாரத்துக்கும் முன்னர் விலைக்குள் இருந்த தளம்பல், நீங்கள் மதிப்பிட்ட தளம்பல், போகக்கூடிய அதிகபட்சத் தொகை ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். முடிந்த பின்னர் உண்மையில் நிகழ்ந்த தளம்பலையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுப் பதிவு சேர்ந்ததும் எனக்கு அனுப்பினால் பார்க்கிறேன். இத்துறையில் உங்களை நேர்முகத்துக்கு அழைப்பவரும் இலாபக் கணக்குக்கு முன்னதாக அந்தப் பதிவைத்தான் கேட்பார்.